துரைசாணிக்கு வைத்த வெந்நீர்ப் பை

சின்னக்கானல் மலைக் குளிரைப் பற்றி டூரிஸ்ட்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இரண்டு நாள் வருவார்கள், மூக்கு சிவக்க நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், "ஆஹா, என்ன க்ளைமேட்!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். ராமலட்சுமியைக் கேட்டால் வேறு கதை வரும். "க்ளைமேட்டாம் க்ளைமேட்டு! ஒரு மார்கழி மாசம் எங்கூட நின்னு தேயிலைக் கொழுந்து கிள்ளச் சொல்லுங்க. வெரலு இருக்கா இல்லையான்னு எண்ணிப் பாத்துக்கிட்டே போவாக" என்பாள்.

அவளுக்கும் குளிருக்கும் பிறந்ததிலிருந்தே ஆகாது. தனக்குக் குளிர்வதையாவது பொறுத்துக்கொள்வாள். பிறத்தியார் நடுங்குவதைப் பார்த்தால் அவளுக்குக் கை கால் நிற்காது. யானை விரட்டப் போய்த் திரும்பும் வனக்காவலர்களை வழிமறித்துப் பாலில்லாத கட்டன் சாயா கொடுப்பாள். லாட்டரி விற்க வருகிறவனுக்கு அடுப்போரம் இடம் போட்டுக் கொடுத்துவிட்டு, "டிக்கெட்டு வேண்டாம், உக்காரு" என்பாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குத் தன் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிச் சட்டை தைத்துப் போட்டவள் அவள். அந்த ஆடு அதோடு எஸ்டேட் முழுக்கச் சுற்றி வந்ததில், ராமலட்சுமி பெயர் கொஞ்சம் பிரபலமானது.

முட்டி தேய்ந்து கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த வருஷம், எஸ்டேட்டில் கைக்கு வந்த பணத்தில் வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டினாள். பெரிய ஜன்னல், எதிரே பள்ளத்தாக்கு, மேகம் கீழே ஓடும். டூரிஸ்ட்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதென்று திட்டம். வாசலில் "ஹோம் ஸ்டே" என்று போர்டு மாட்ட ஆணிகூட அடித்துவிட்டாள். ஆயுசு முழுக்க மற்றவர்கள் எஸ்டேட்டில் குனிந்து நின்ற முதுகுக்கு, உட்கார்ந்து சம்பாதிக்க ஓர் அறை. அவளுடைய ஆசை அவ்வளவுதான், அதில் ஒரு துளி கூடுதல் இல்லை.

அந்த அறைக்குத்தான் பாம்பு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, கட்டிய புருஷன் சங்கையா. அவன் மேலே ஒரு ரிசார்ட்டில் பாய்லர் பார்க்கிறவன். விடியும் முன்னே போய் விறகு போட்டு, அத்தனை அறைக்கும் வெந்நீர் ஏற்றிக் கொடுக்க வேண்டும். "ஹாட் வாட்டர் வரலை" என்று ஒரு போன் வந்தால் மேனேஜர் இவனைத்தான் பார்ப்பார். அந்த ரிசார்ட்டில் விருந்தாளிகள் வேடிக்கை பார்க்கக் கண்ணாடிப் பெட்டியில் வெளிநாட்டுப் பாம்பு ஒரு ஜோடி வைத்திருந்தார்கள். அமெரிக்காப் பக்கத்துச் சாதி, கார்ன் ஸ்நேக் என்று பெயர். விஷம் கிடையாது, பழுத்த மிளகாய் நிறத்தில் பட்டை பட்டையாக இருக்கும். புது மேனேஜருக்குப் பாம்பு என்றாலே ஆகாது போலிருக்கிறது. "யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். சங்கையா கையைத் தூக்கிவிட்டான்.

தலையணை உறை இரண்டில் போட்டு முடிச்சுப் போட்டு அவன் எடுத்து வந்தபோது, ராமலட்சுமி ரிசார்ட்டில் பழைய துணி கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து வாங்கி உதறப் போனாள்.

"ஏ புள்ள, உதறாத! உள்ள பாம்பு!"

"அடி ஆத்தி!" என்று அவள் வாசலுக்குத் தாவியதில், தேய்ந்த முட்டி அன்றைக்கு மட்டும் தேயாத முட்டியாக வேலை செய்தது.

வனத்துறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வெளிநாட்டுப் பாம்பு, ரிசார்ட்டிலிருந்து வந்த பேப்பர் எல்லாம் சரி, வளர்க்கலாம் என்று சொல்லிவிட்டு, ராமலட்சுமி கொடுத்த கட்டனையும் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களாவது தடுப்பார்கள் என்று நம்பிச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தவளுக்குச் சாயாவும் போனது, சர்க்கரையும் போனது.

சங்கையா ஆண் பாம்புக்குத் துரை என்றும், பெண்ணுக்குத் துரைசாணி என்றும் பெயர் வைத்தான். அந்தக் காலத்து எஸ்டேட் துரைமார் மாதிரி ஒரு வேலையும் செய்யாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வதால் அந்தப் பெயராம். இரண்டையும் குடிவைக்க வீட்டில் வேறு இடமில்லை. ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு, புது அறையில் கொண்டுபோய் வைத்தான்.

"எங்க ரூமு?" என்றாள் ராமலட்சுமி.

"ரெண்டு பொட்டிதானடி. ரூமு அப்பிடியே இருக்குல்ல?"

"பாம்போட படுக்கிறதுக்கு எந்த டூரிஸ்ட்டு வருவான்? ஒங்க மேனேஜரா?"

பதிலைத் தேடி அவன் கீழே பஸ் ஏறினான். அடிமாலியில் ஜோஜோ என்றொரு மலையாளி இருந்தான். வெளிநாட்டுப் பாம்பு வளர்த்துக் குட்டி எடுத்து, முறைப்படி பேப்பரோடு விற்கிற ஆள். சங்கையா அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஆளே மாறிப்போனான். கண்ணில் ஒரு மினுக்கம். பொழுது விடிந்தால் அடுத்தவன் குளிக்க வெந்நீர் போடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத மனுஷனுக்கு, முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை வந்திருந்தது.

"குட்டி எடுத்துக் காட்டுறேன் பாரு" என்றான்.

"எடுக்கலேன்னா?"

"பாம்பு ரெண்டும் ஜோஜோவுக்கு. ரூமு ஒனக்கு."

"எடுத்துட்டா?"

"ரூமு பாம்புக்கு."

போடியில் இருக்கும் தன் அக்கா சுருளியம்மாளைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, பந்தயத்தைச் சத்தமாக இரண்டு பேர் வாயாலும் சொல்ல வைத்தாள் ராமலட்சுமி. வரும் ஆடி மாசத்துக்குள் குட்டி. இல்லாவிட்டால் அறை காலி. "சாட்சி நானு" என்றாள் சுருளியம்மாள் மறுமுனையில். "ஆனா அந்தக் கருமத்த எனக்கு வீடியோவுல காட்டாதீக."

ஜோஜோ சொல்லிக் கொடுத்த வித்தை இதுதான். இந்தச் சாதிப் பாம்பு அதன் சொந்த ஊரில் பனிக்காலம் முழுக்க மண்ணுக்கடியில் விறைத்துக் கிடந்துவிட்டு, வெயில் வந்ததும் எழுந்து ஜோடி சேரும். அந்தக் குளிர் கிடைத்தால்தான் அதற்குக் குட்டிக்கு நேரம் வந்தது என்று புரியும். ஆகவே கார்த்திகையில் இரையை நிறுத்து. வயிறு காலியானதும், மார்கழி தை இரண்டு மாசமும் அறையைப் பதின்மூன்று பதினாலு டிகிரியிலேயே வை. பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடு. சும்மா சும்மா திறந்து பார்க்காதே. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வாரம் ஒருமுறை மாற்று. மாசி பிறந்ததும் மெல்ல மெல்லச் சூடேற்று.

சின்னக்கானல்காரனுக்கு இதைவிடச் சுலபமான வேலை உண்டா? மற்ற ஊரில் இதற்காக ஏசி வாங்குகிறார்களாம். இங்கே ஜன்னலைத் திறந்தால் போதும். சங்கையா சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினான். உறைபனி விழும் இரவில் ஜன்னலைச் சாத்துவான், மற்ற நேரமெல்லாம் திறந்து வைப்பான். வேலையிலிருந்து வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் போய் அந்தத் தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பான். "பதின்மூணு!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பரீட்சையில் பிள்ளை மார்க் வாங்கியதுபோல அவனுக்கு ஒரு பூரிப்பு.

ராமலட்சுமி இதையெல்லாம் கேட்கத்தான் செய்தாள். ஆனால் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. குளிரில் போட்டால் உயிர் போகும், இதென்ன குட்டி போடும் என்கிறான்? கோழிக்குஞ்சுக்கு பல்பு போடுகிறோம். ஈன்ற ஆட்டுக்குச் சாக்குப் போர்த்துகிறோம். பாம்பு மட்டும் ஐஸ் பெட்டிக்குள் இருந்தால் பெருகுமா? பெட்டியைப் பூட்டி வைத்துப் பந்தயத்தில் தோற்கப் போகிறான், தோற்கட்டும், நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

மார்கழி நடுவில் ஒரு நாள், அரிசிச் சாக்கை எடுக்க அந்த அறைக்குள் போனாள். அன்றைக்குப் பொழுது விடிந்தும் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. சாக்கை இழுத்தபோது துணி விலகி, கண்ணாடிக்குள் துரைசாணி தெரிந்தாள். அசைவில்லை. ராமலட்சுமி கண்ணாடியைத் தட்டினாள். அப்போதும் அசைவில்லை. செத்துத்தான் போச்சோ என்று, பயத்தையும் மறந்து மூடியை விலக்கி ஒற்றை விரலால் தொட்டாள்.

பச்சைத் தண்ணீரில் ஊறிய கயிற்றைத் தொட்டதுபோல இருந்தது. விரல் பட்டதும் துரைசாணி மெல்லத் தலையைத் தூக்கினாள். தூக்க முடியாமல் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். "பாவி மனுசன்! ஊருல எவன் எவனுக்கோ வெந்நி போடுறாரு. வீட்டுல இருக்க சீவனக் கல்லாட்டம் வெறைக்க விட்டுட்டுப் போயிட்டாரே!" என்று ராமலட்சுமி வாய்விட்டே திட்டினாள். நேரே அடுப்படிக்குப் போனாள். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர்ப் பையில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, கொண்டுவந்து துரைசாணிக்குப் பக்கத்தில் செருகினாள்.

கொஞ்ச நேரத்தில் துரைசாணி ஊர்ந்து வந்து பையின்மேல் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டாள். ராமலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "படுத்துக்க தாயி, படுத்துக்க" என்றாள்.

பிறகு துரைக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்ய முடியுமா? வீட்டில் பை ஒன்றுதான். பரணில் கிடந்த பெரிய கண்ணாடி பாட்டிலைக் கழுவி, வெந்நீர் நிரப்பி, சங்கையாவின் பழைய சாக்ஸை மாட்டித் துரையின் பெட்டியில் வைத்தாள். இன்னொரு சாக்ஸ் எங்கே என்று சங்கையா தை மாசம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தான்.

அதுவே தினப்படி வேலையாகிப்போனது. சங்கையாவின் டார்ச் வெளிச்சம் வளைவில் மறைந்ததும் அடுப்பு பற்றும். மத்தியானத்துக்குள் பையையும் பாட்டிலையும் எடுத்து, துணியை இழுத்து மூடிவிடுவாள். ஜன்னல் திறந்தபடி இருக்கும். தெர்மாமீட்டர் சுவரில் இருந்தது, சூடு பெட்டிக்குள் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் சங்கையா வந்து "பதின்மூணு!" என்று கூவுவான். ராமலட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதில் தனக்கு லாபம் என்று அவள் நினைக்கவே இல்லை. நஷ்டம் என்றுதான் நினைத்தாள். கதகதப்பாக இருந்தால் பாம்பு பெருகும், பெருகினால் அறை போகும் என்பது அவள் கணக்கு. பெட்டிப் பக்கத்தில் முட்டியை நீட்டி உட்கார்ந்துகொண்டு துரைசாணியிடமே அதைச் சொல்லவும் செய்தாள். "ஒன்னாலதாண்டி எங்க ரூமு போகப் போகுது. போனாப் போகட்டும். குளுருல கெடந்து சாகுறதப் பாத்துக்கிட்டு நான் எப்பிடிக் கஞ்சி குடிக்க?"

மாசி பிறந்தது. சங்கையா முறைப்படி சூடேற்றினான். பெட்டிக்கடியில் கரண்ட் சூட்டுப் பாய், அதற்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, பெட்டிக்கு ஒரு மூலையில் சூடு, மறு மூலையில் இதம். இரை கொடுத்தான். பங்குனியில் இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டுவிட்டு, ராமலட்சுமியை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினான். "எதுக்கு?" என்றாள். "கூச்சப்படும்ல?" என்றான். யாருக்குக் கூச்சம் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வைகாசியில் துரைசாணி முட்டையிட்டாள். ராமலட்சுமி "போச்சு ரூமு" என்று நெஞ்சில் கை வைத்தாள். ஆனால் சங்கையாவின் முகம் மலரவில்லை. முட்டை எல்லாம் மஞ்சளாக, காய்ந்த பலாக்கொட்டை மாதிரி சுருங்கிக் கிடந்தது.

ஜோஜோ பைக்கில் வந்தான். ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை.

"தணுப்பு, அந்தக் குளிரு, சரியா கொடுத்தோ, சங்கையா சேட்டா?"

"கொடுத்தேன் ஜோஜோ! ஒரு நாளு பதினஞ்சத் தாண்டல. சாமி மேல சத்தியமாச் சொல்றேன்."

"அப்போ எந்தா இப்படி?" ஜோஜோ தலையைச் சொறிந்தான். "தணுப்புக்கு இடையில சூடு பட்டா ஆண் பாம்போட வித்து வீணாப் போகும், கேட்டோ. எத்தனை முட்டை போட்டாலும் இதுபோலத்தான் வரும். ஆனா நீங்க சூடே கொடுக்கலையே?"

கட்டன் சாயா டம்ளரோடு நின்றிருந்த ராமலட்சுமி, அதை யாருக்கும் கொடுக்காமல் அடுப்படிக்கே திரும்பக் கொண்டுபோனாள்.

சங்கையா சொன்ன வார்த்தை தவறாதவன். "ரூமு ஒனக்குத்தான்" என்றான். பாம்பை எடுத்துக்கொண்டு போக ஜோஜோவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று பேச்சானது. அந்த வாரம் முழுக்கச் சங்கையா வேலை முடிந்து வந்து அறைக்கு வெள்ளையடித்தான். கட்டில் ஒன்று வாங்கிப் போட்டான். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டி, "டூரிஸ்ட்டுக்குப் பிடிக்கும்ல?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ராமலட்சுமி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

ஆசைப்பட்ட அறை கையில் வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நடந்தது அவளுக்கும் துரைசாணிக்கும்தான் தெரியும், துரைசாணி யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாட்சி சுருளியம்மாள் போனில் "ஜெயிச்சிட்டியே!" என்று கத்தியபோது, "தலை வலிக்குதுக்கா" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜோஜோ ஜீப்போடு வந்தான். பெட்டிகள் வாசலுக்கு வந்தன. சங்கையா துரைசாணியின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கை அப்பிடி ஜோஜோ" என்றான். "ஊருக்கு வெந்நி போட்டே பழகுன கை. சின்னக்கானல்ல இருந்துக்கிட்டு ஒரு ரூமக் குளுர வைக்கத் துப்பில்ல. வேற என்னத்துக்கு ஆகப்போறேன்?"

ராமலட்சுமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"ஒங்க கை இல்லீங்க" என்றாள். "எங்கை."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரப்பர்ப் பை, பாட்டில், சாக்ஸ் வரை. ஜோஜோ "எண்டம்மோ!" என்று ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சங்கையா அவளையே பார்த்தான். "எத்தன நாளு?"

"நீங்க வேலைக்குப் போன நாளு பூராம்."

அவன் வாசல் தாண்டிப் போய், தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் கை ஓங்கியதில்லை; ஆனால் இன்றைக்கு ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். கடைசியில் திரும்பி வந்தான்.

"தொரைக்கும் வச்சியா?"

"பின்ன? தொரைசாணிக்கு மட்டும் வச்சா அது பாவமில்லையா?"

ஜோஜோதான் முதலில் வெடித்தான். சங்கையா உதட்டைக் கடித்துப் பார்த்தான், முகத்தைத் திருப்பிப் பார்த்தான், முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பந்தயம் பந்தயம்தான். ரூமு ஒனக்கு" என்றான்.

"வேண்டாம்" என்றாள் ராமலட்சுமி. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அவளுக்கு எவ்வளவு கனத்தது என்று அவளுக்குத்தான் தெரியும். "கள்ளத்தனமா ஜெயிச்ச ரூமுல எனக்குத் தூக்கம் வராது. இன்னொரு வருசம் வச்சுப் பாப்போம். பொட்டிய உள்ள வைங்க."

ஜோஜோ கையைத் தூக்கினான். "ஒரு கண்டிஷன். தணுப்பு மாசம் ரெண்டும் சேச்சி இந்த வீட்டுல நிக்கக் கூடாது."

"நான் தொட மாட்டேன், சத்தியம்!"

"சேச்சியால முடியாது" என்றான் ஜோஜோ. சங்கையாவும் தலையாட்டினான். யோசித்துப் பார்த்தபோது ராமலட்சுமிக்கும் அது சரியென்றே பட்டது.

அடுத்த மார்கழி பிறந்ததும் அவளைப் போடிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். பாம்புக்குக் குளிர் கொடுக்கப் பெண்டாட்டியை ஊர்கடத்திய மனுஷன் என்று சங்கையாவுக்கு எஸ்டேட் முழுக்கப் பேர். போடியில் தை மாசத்திலும் அக்கா வீட்டில் மின்விசிறி ஓடியது. யாரும் நடுங்கவில்லை, யாருக்கும் சூடு தேவைப்படவில்லை. ராமலட்சுமிக்குக் கை எதையோ தேடியது. வேறு வழியில்லாமல் அக்காவுக்கு வேண்டாத நேரமெல்லாம் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தினமும் போன்.

"எப்பிடி இருக்கு ரெண்டும்?"

"பதின்மூணு."

"அத யாரு கேட்டா? உசுரோட இருக்கான்னு கேட்டேன்."

"இருக்குடி. தண்ணி மாத்தும்போது நாக்க நீட்டுச்சு."

"ரொம்ப வெறச்சிருச்சுன்னா..."

"போன வை" என்பான் அவன்.

சுருளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, பாம்ப மட்டும் விசாரிக்கிற. அந்த மனுசன் சாப்பிட்டாரான்னு ஒரு வார்த்த கேட்டியாடி?" என்று திட்டினாள்.

மாசியில் திரும்பி வந்தாள். பங்குனியில் கதவு சாத்தப்பட்டது. வைகாசியில் துரைசாணி இட்ட முட்டைகள் வெள்ளை வெளேரென்று, புடைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சங்கையா டார்ச் அடித்தான். உள்ளே நூல் நூலாகச் சிவப்பு நரம்பு. "வந்து பாரு புள்ள" என்று கூப்பிட்டு, டார்ச்சை அவள் கையில் கொடுத்தான். அவளும் பார்த்தாள். போச்சு ரூமு என்ற நினைப்பு அப்போது வரவே இல்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது.

தனிப் பெட்டிக்கு மாற்றிய முட்டைக்கு இப்போது இருபத்தெட்டு டிகிரி வேண்டும், ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஆனி மழையில் ஒரு நாள் யானை மரத்தைத் தள்ளி, மரம் கம்பியில் விழுந்து, கரண்ட் போய்விட்டது. முட்டைப் பெட்டியின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. சங்கையா வேலையில் இருந்தான். ராமலட்சுமி அடுப்பில் வெந்நீர் கொதிக்க, ரப்பர்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தொடத் துணியவில்லை. போன் போட்டாள்.

"ஏங்க, கரண்ட் இல்ல. சூடு வைக்கணுமா, வைக்கக்கூடாதா? சரியாச் சொல்லுங்க, அப்பறம் எம்மேல பழி போடாதீக!"

"வைய்யிடி! இப்பத்தான் வைக்கணும்! ஓரமா வையி, முட்டையத் தொடாம!"

அவன் கத்திய கத்தலில் ரிசார்ட் வரவேற்பறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம்.

ஆடியில் குட்டிகள் வந்தன. பென்சில் கனத்தில், ஆரஞ்சு நிறத்தில், முட்டையைக் கீறித் தலையை நீட்டிக்கொண்டு வெளியே பார்த்தன. சங்கையா ஆளாளுக்குப் போன் போட்டான். ஜோஜோ வந்து அவன் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தான். பந்தயப்படி அறை பாம்புக்கு. ராமலட்சுமிக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். வாசலில் போர்டுக்கு அடித்த ஆணியைப் பிடுங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது, அழுதுவிட்டுத்தான் பிடுங்கினாள். சங்கையா பின்னால் வந்து நின்று, "வேணும்னா குட்டிகள ஜோஜோகிட்ட இப்பவே..." என்று இழுத்தான். "பந்தயம் பந்தயம்தான். பேசாமப் போங்க" என்றாள். அதன்பிறகு அந்த அறைப் பக்கம் அவள் போகவில்லை. உள்ளே வரிசையாகப் பெட்டிகள், சூட்டுப் பாய், ஹீட்டர், சாத்திய ஜன்னல். எல்லாம் அவன் பாடு.

மழை வலுத்த ஒரு சாயங்காலம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கொச்சியிலிருந்து வந்த இளஞ்ஜோடி. மேலே போகும் ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம். தொப்பலாக நனைந்து, அந்தப் பெண்ணுக்குப் பல் தந்தியடித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ராமலட்சுமி யோசிக்கவே இல்லை. அவளை உள்ளே இழுத்து, தலை துவட்டி, தன் புடவையைக் கொடுத்து, இரண்டு பேரையும் தங்கள் படுக்கை அறையிலேயே கம்பளி போட்டுப் படுக்க வைத்தாள். சுக்குக் காப்பியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான், தாங்கள் எங்கே படுப்பது என்ற கேள்வி வந்தது. அடுப்படித் தரை ஈரமாய்ச் சில்லிட்டுக் கிடந்தது. கட்டில் ஒன்றுதான் மிச்சம். அது பாம்பு அறையில் கிடந்தது.

"வா" என்றான் சங்கையா.

"பாம்போட நான் படுக்கணுமா?"

"வெந்நி வச்சுத் தாலாட்டுனவ பேசுற பேச்சா இது?"

முணுமுணுத்துக்கொண்டே தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே கதகதவென்று இருந்தது. வெளியே ஆடி மழை. இங்கே போடியில் அக்கா வீட்டு முற்றத்துச் சாயங்காலம். அவள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காதைச் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்தாள். பிறகு காலுறையைக் கழற்றினாள். பிறகு ஸ்வெட்டரையும் கழற்றிக் கட்டில் கால்மாட்டில் போட்டாள். பிறந்ததிலிருந்து சின்னக்கானலில் ஆடி மாசத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் அவள் படுத்ததே கிடையாது. முட்டியை நீட்டி மடக்கிப் பார்த்தாள். வலிக்கவில்லை.

"புழுங்குதா? ஜன்னலக் கொஞ்சம் தொறக்கவா?" என்றான் சங்கையா.

"தொட்டீகன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

காலையில் மழை விட்டிருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் நின்று சுற்றிப் பார்த்தாள். புது அறையின் ஜன்னலும், எதிரே மேகம் ஓடும் பள்ளத்தாக்கும் அவள் கண்ணில் பட்டன.

"ஆன்ட்டி, அடுத்த மாசம் ஃப்ரெண்ட்ஸோட வர்றோம். நாங்க படுத்த ரூமும் அந்த வியூ ரூமும், ரெண்டும் வாடகைக்குக் கிடைக்குமா?"

சங்கையா சட்டென்று ராமலட்சுமியைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்க படுத்த ரூமு எப்ப வேணா தாரேன், வாங்க" என்றாள். "அது தர மாட்டேன். அதுல நாங்க இருக்கோம்."